என் பழைய லேப்டாப், ரோக்ஸானாவின் புதியது

ஆகஸ்ட் 4, திங்கள்

ரோக்ஸானா சாந்தியாகோவிலிருந்து திரும்பிவிட்டாள். மலை தாண்டிப் பஸ்ஸில் போய், மலை தாண்டி வந்து, கையில் புது லேப்டாப். எல்லைச் சோதனையில் வரி கேட்கக் கூடாது என்று அட்டைப்பெட்டியைச் சிலியிலேயே வீசிவிட்டு, மூடியின் மேல் ஒரு பூனைப் படத்தை ஒட்டியிருக்கிறாள். பழசாகத் தெரிய வேண்டுமாம்.

"நாலு இடத்துல விரல் கறை வேற வச்சேன்டி, ஒல்லி. அந்தச் சோதனை ஆளு தொடக்கூட இல்ல!"

நானும் சிரித்தேன். என்னுடையது பழசாகத் தெரியப் பூனை எதுவும் தேவையில்லை. ஒன்பது வருடம். கட்டப்போகும் வீட்டின் படம் ஒன்றை முடிக்க அதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கிறது. அவளுடையதற்கு ஆறு. இருவரும் வேலை பார்ப்பது ஒரே அறை, ஒரே நீள மேசை. அந்த ஆறு நிமிடத்தை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கல்லூரியில் என் தாளைப் பார்த்துத்தான் அவள் நிழல் போடவே கற்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

பக்கத்து ஊர் மைப்பூவில் உள்ள வைன் ஆலைக்காரர் எங்கள் இருவரிடமும் கேட்டிருக்கிறார். விருந்தினர் கூடம் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு படத்தொகுப்பு, இருபத்தொன்றாம் தேதிக்குள். யாருடையது பிடிக்கிறதோ அவருக்கு ஒரு வருட வேலை.

"யாருக்குக் கிடைச்சா என்ன, நம்ம ரெண்டு பேருதானே" என்றாள். ஆறு நிமிடம் உள்ளவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லேப்டாப்பைப் பழுது பார்க்கும் ஃபாபியானிடம் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றியதும் விசில் அடித்தான்.

"சிஸ்டர், உள்ள கால் கிலோ மாத்தே இலை இருக்கு. சுடுதண்ணி ஊத்தினா குடிச்சிடலாம்."

ஒன்பது வருடமாக விசைகளுக்கு மேலேயே மாத்தே குடித்திருக்கிறேன். அந்த இலைத்தூள் விசிறியை அடைத்து, மெஷின் சூடேறி, தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டிருந்ததாம். சுத்தம் செய்து, மெமரியை இரட்டிப்பாக்கி, டிஸ்க்கை வேகமானதாக மாற்றினால் புதியதன் விலையில் கால் பங்குதான் ஆகும்.

"அப்ப புதுசு மாதிரி ஓடுமா?"

"பொய் சொல்லமாட்டேன். படம் வரையுற சிப் போர்டோட ஒட்டினது, அதை மாத்த முடியாது. மூணு வருஷம் நல்லா ஓடும். ஆனா நீங்க சொன்ன அந்த ஃப்ரெண்டோடது மாதிரி ஓடாது."

ஆகஸ்ட் 9, சனி

நான் எதற்கு அவனிடம் அவளுடையதைப் பற்றிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூன்று நாளாக விலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே புதியது வாங்கினால் பன்னிரண்டு தவணை. சிலிக்குப் போனால் பாதி விலை, ஆனால் இந்தக் குளிர்காலத்துக்குப் படுக்கையறை ஹீட்டர் வாங்க வைத்த பணம் அத்தனையும் போகும்.

ஆரியேல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "சில்வினா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரோக்ஸானா வாங்கலேன்னா உனக்கு இது வேணும்னு தோணியிருக்குமா?"

புருஷன்கள் இப்படிக் கேட்கக்கூடாது. அதுவும் இவ்வளவு சரியாக.

பழையதையே சரிசெய்யச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இருபது நிமிடம்! நாற்பது இருபதாகிவிட்டது. விசிறிச் சத்தமே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

காலையிலிருந்து சோண்டா. அந்த வெக்கைக் காற்று அடித்தால் இந்த ஊரில் எல்லோருக்கும் தலைவலி, எல்லோருக்கும் கோபம். என் இருபது நிமிடத்தை ரோக்ஸானாவிடம் சொன்னேன். "அட, பாவம், நல்லாத்தான் ஓடுது!" என்றாள். பாவமாம்.

அவள் போன் பேச வெளியே போனாள். எப்போதும் போல இருவருக்கும் ஒரே குவளையில் மாத்தே ஊற்றுவது நான்தான். வெந்நீர் பிளாஸ்க் ஜன்னலோர மேசை நடுவில் இருந்தது. காற்றில் ஜன்னல் கதவு படாரென்று திறந்து இடித்ததில் அது கவிழ்ந்தது. நான் மூடியைத் திருகி வைத்திருக்கவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது.

முதலில் என்னுடையதைத் தூக்கினேன். சரி, யாரும் அதைத்தான் செய்வார்கள். தூக்கின பிறகு? ரெண்டு கையிலயும் அதை வச்சிக்கிட்டு அப்படியே நின்னேனே. தண்ணி அந்தப் பூனைகிட்ட போறதைப் பாத்துக்கிட்டே நின்னேனே. எவ்வளவு நேரம்? இரண்டு மூச்சு. மூன்றாகவும் இருக்கலாம்.

அவள் ஓடி வந்து தூக்கியபோது திரை அணைந்துவிட்டது.

"விடு ஒல்லி, காத்துதானே" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சரியாகவில்லை. உத்தரவாதம் சாந்தியாகோவில்தான் செல்லும். கீழே சோண்டா அடித்தால் மேலே பனி, மலைப்பாதையை மூடிவிட்டார்கள். அவள் படங்கள் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. திறக்கத்தான் மெஷின் இல்லை; பழையதை விற்றுத்தான் இதை வாங்கினாள்.

அவளுக்கு இன்று ஆறு நிமிடமும் இல்லை. மகிழ்ச்சியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

"காலையில நீ என்னோடதுல வேலை பாரு. மத்தியானம் நான்" என்று சொல்லிவிட்டேன். அவள் போய் வெளி டிஸ்க்கை எடுத்து வந்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அவள் படத்தில் கூடத்துக்குள் வெயில் சாய்ந்து விழும் விதத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. என்னுடையதைவிட. அது மெஷின் கொடுத்த வெளிச்சம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதே வெளிச்சம் என் மெஷினிலிருந்து வருகிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இருவரும் அனுப்பிவிட்டோம். பிறகு சொல்லிவிட்டேன்.

"ரோக்ஸானா, அன்னிக்கு உன்னோடதை நான் தூக்கியிருக்கலாம். நேரம் இருந்துச்சு. தூக்கல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்ணாடிக் கதவு வழியா பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். ஓடி வந்திருக்கலாம். நீ தூக்குவியா மாட்டியான்னு பாக்கணும்போல இருந்துச்சு." குவளையில் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். "வேடிக்கைக்கு டிக்கெட் விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. குவளையை என் பக்கம் நீட்டினாள். நிரப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆலை வேலை அவளுக்கே. எரிகிறது. இல்லை என்று எழுதினால் இந்த நோட்டு எதற்கு?

மலைப்பாதை திறந்து, அவள் அத்தை மகன் மெஷினைச் சாந்தியாகோவுக்குக் கொண்டுபோய்த் திரும்ப அடுத்த மாதம் ஆகிவிடும். அதுவரை என்னுடையதுதான். காலை அவளுக்கு, மதியம் எனக்கு.

ஒரு படத்துக்கு இருபது நிமிடம். அதற்குள் வேறு வேலை எதுவும் ஓடாது. இரண்டு பேரும் காத்திருக்க வேண்டியதுதான். இன்று காலை அவள் படத்தை ஓட விட்டதும் பிளாஸ்க்கை எடுத்தேன், மூடியைத் திருகினேன், ஜன்னலையும் தாழிட்டேன். பிறகு பிளாஸ்க்கையும் நாற்காலிகளையும் மேசையிலிருந்து தள்ளி, சுவரோரம் வைத்தேன்.

"இவ்வளவு தூரமா?" என்றாள், வந்து உட்கார்ந்துகொண்டே.