தொடரும் எண்ணம் இல்லை

இன்று காலை வண்டலூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததுமே பினாயிலும் கேழ்வரகுக் கஞ்சியும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. நம் கம்பெனியின் பின்வாசலுக்கு எதிரே இருந்த இரண்டு அறை வீட்டின் வாசனை. தோளில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த பெண் ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். ஒரு வயது முடியாத பிள்ளைகளை அவர்கள் சேர்ப்பதில்லை என்பது, அவர் இரண்டாவது முறை சொன்னபோதுதான் என் காதில் ஏறியது. என் மகளுக்கு ஐந்து மாதம். மூன்று வாரத்தில் என் விடுப்பு முடிகிறது.

வெளியே வந்து ஜிஎஸ்டி சாலையோரம் ஆட்டோவுக்காக நின்றபோது உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. நான் ஒன்று செய்தேன், உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல ஒன்றரை வருடம் இருந்தது.

முதல் நாள் உன்னை அக்கா என்று கூப்பிட்டேன், நினைவிருக்கிறதா? நான்கு வயது பெரியவள், எனக்கு முன்பே அக்கவுண்ட்ஸில் சேர்ந்தவள் என்ற மரியாதை. "அக்கான்னு சொன்னா உன் வவுச்சர் எல்லாம் பெண்டிங்லயே கெடக்கும்" என்றாய். அன்றிலிருந்து 'வாப்பா, போப்பா' ஆனோம். ஒரே ரயிலில் நான் தாம்பரத்தில் ஏறுவேன், நீ பெருங்களத்தூரில் உன் மகன் ஜோயலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவாய். மறைமலைநகரில் இறங்கி ஷேர் ஆட்டோ. பின்வாசலுக்கு எதிரே இருந்த கம்பெனிக் காப்பகத்தில் அவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவன் அழுகை அடங்கும்வரை சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பாய். நானும் நிற்பேன். தாமதக் குறி விழுவது இருவருக்கும்தான்.

அந்த வருடம்தான் நம் கம்பெனி புதிய கணக்கியல் தரநிலைகளுக்கு மாற வேண்டியதாயிற்று. கம்பெனி வளர்ந்து சட்டம் சொன்ன அளவைத் தாண்டியிருந்தது. இரண்டு நாள் பயிற்சி என்று கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு ஹோட்டலின் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் மதியச் சாப்பாட்டை எதிர்பார்த்து இருந்தார்கள், நாம் உட்பட. வாடகைப் பகுதி வந்ததும் பயிற்சி கொடுத்தவர் நிமிர்ந்து நின்றார். அதுவரை வாடகை என்றால் மாதாமாதம் கொடுத்தோம், செலவில் எழுதினோம், அத்தோடு முடிந்தது. புதிய தரநிலை வேறு கேள்வி கேட்டது. இந்த இடத்தில் இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறாய்? இருக்கப்போகிற வருடங்களின் வாடகை முழுவதையும் கடனாக இன்றே காட்டு. அங்கே இருக்கிற உரிமையைச் சொத்தாகக் காட்டு. ஒரு வருடத்துக்குள் காலி செய்துவிடுவேன் என்றால் மட்டும் பழைய மாதிரி எழுதிக்கொள்ளலாம்.

நீ என் பக்கம் சாய்ந்து, "நாளைக்கு ஜோயலுக்குக் காய்ச்சல் வருமான்னே எனக்குத் தெரியல, இவரு அஞ்சு வருஷத்துக்குக் கேக்குறாரு" என்றாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி குனிந்தேன்.

நம் கம்பெனிக்கு ஏழு வாடகை இடங்கள். ஐந்து கிடங்குகள், ஒரு விருந்தினர் வீடு, ஏழாவதாகக் குழந்தைகள் காப்பக வீடு. எல்லாம் பதினோரு மாத ஒப்பந்தம். நம் பக்கத்தில் வேறு எப்படி இருக்கும்? ஒரு வருடம் என்று போட்டால் பதிவு செய்ய வேண்டும், முத்திரைத்தாள் செலவு, அலைச்சல். அதனால் ஊரே பதினோரு மாதத்துக்குக் குடியிருக்கிறது. பதினோராவது மாதம் உரிமையாளரும் நாமும் ஒரு காப்பி குடித்து, புதுத் தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த பதினோரு மாதம். எங்கள் சேலையூர் வீட்டில் அப்பா இப்படியே பத்தொன்பது வருடம் இருந்தார்.

ஆடிட்டர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தாள் பதினோரு மாதம் என்று சொன்னால் போதாது, உண்மையில் தொடரப்போகிறீர்களா என்று ஒவ்வொரு இடத்துக்கும் நிர்வாகம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தொடர்வோம் என்றால் எத்தனை வருடம், என்ன வட்டி, மாதவாரி அட்டவணை, எல்லாம் வேண்டும். இதற்கான கம்ப்யூட்டர் ஷீட்டை நான் நிரப்ப வேண்டும், நீ சரிபார்க்க வேண்டும் என்று மேனேஜர் சார் பிரித்துக் கொடுத்தார்.

அது ஒரு சனிக்கிழமை. மதியம் ஒரு மணிக்குச் செல்வி அக்கா உனக்குப் போன் செய்தார், ஜோயலுக்கு உடம்பு கொதிக்கிறது என்று. நீ பையை எடுத்துக்கொண்டு ஓடினாய். வாசலில் நின்று திரும்பி, "மிச்சத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்பா, நீ கெளம்பு" என்றாய். திங்கட்கிழமை ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும். உன் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. சர்ச்சுக்குப் போக மாட்டாய். காய்ச்சல் பிள்ளையை விட்டுவிட்டு ஏழு அட்டவணையைச் சரிபார்க்க வருவாய்.

நான் முதல் கிடங்கின் வரியில் 'தொடரும் எண்ணம் இல்லை' என்று எழுதினேன். அப்படி எழுதினால் அட்டவணை தேவையில்லை. எழுதிவிட்டு அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்து ஏழாவது வரிவரை இழுத்துவிட்டேன். ஏழு கட்டத்திலும் அதே வாக்கியம். இரண்டு விநாடி ஆகியிருக்கும். ஏழாவது வரி எது என்று நான் பார்க்கக்கூட இல்லை என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். பார்த்தேன். காப்பகம் என்று இருந்தது. தாளில்தானே எழுதுகிறோம், வீடு எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

அன்று மாலை உனக்குப் போன் செய்து, முடித்துவிட்டேன், வர வேண்டாம் என்றேன். நீ மூச்சுவிட்ட சத்தம் கேட்டது. திங்கட்கிழமை அச்செடுத்த தாளை உன் முன்னால் வைத்தேன். "நீ பாத்துட்டல்ல? அப்ப சரி" என்று புரட்டாமலே கையெழுத்துப் போட்டாய். என்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை. அதற்கு நான் என்ன செய்தேன் பார்.

அடுத்த வருடம் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வேறொரு ஆள் வந்தார். நல்ல பையன்தான், பணிவாகத்தான் கேட்டார். போன வருடம் ஏழு இடமும் தொடராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், ஏழும் இன்னும் உங்களிடமே இருக்கிறதே, அப்படியானால் நீங்கள் எழுதிக் கொடுத்த மற்றதை எப்படி நம்புவது என்று. கிடங்குகளுக்குக் காரணம் சொல்ல முடிந்தது, ஆர்டர் கூடியது, இடம் தேவைப்பட்டது என்று. விருந்தினர் வீட்டுக்கும் ஏதோ சொன்னார்கள். காப்பகத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை. அந்த மாதம் அங்கே இருந்தது நான்கு பிள்ளைகள்.

சார் நம் இருவரையும் கூப்பிட்டார். கொடுமைக்காரர் இல்லை அவர், உனக்கே தெரியும். மேசை மேல் இருந்த அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எழுதிக் கொடுத்துட்டோம்மா. எழுதினபடி ஒண்ணாவது நடக்கணும்ல? ஒண்ணும் நடக்கலன்னா நம்மள என்ன நெனப்பாங்க?" பிறகு கேட்டார்: "இத யாரு பாத்தது?"

"நான்தான் சார் பாத்தேன்" என்றாய்.

நான் உன் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். இரண்டு வருடப் பயிற்சி முடிந்து என் வேலை உறுதிக் கடிதம் அந்த வாரம்தான் வர வேண்டியிருந்தது. வீட்டுக் கடனுக்கு அதைக் கேட்டிருந்தார்கள். இதையெல்லாம் அந்த நொடியில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஒன்றுமே யோசிக்கவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குள் சார் காப்பக வீட்டைக் காலி செய்துவிட்டு என்ன மாற்று ஏற்பாடு என்று பேச ஆரம்பித்துவிட்டார். வண்டலூரில் ஒரு காப்பகத்தோடு, இன்று நான் போன அதே இடம்தான், பேசி முடித்திருக்கிறார்களாம், கம்பெனியே கட்டணம் கட்டுமாம். சட்டப்படி குறை ஒன்றும் இல்லையாம்.

ஜூன் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார்கள். தொட்டில் கம்பிகளையும் சின்ன நாற்காலிகளையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினார்கள். செல்வி அக்காவுக்கு வண்டலூரில் வேலை தரவில்லை. மறுநாள் காலை அவர் கம்பெனி கேட்டுக்கு வந்து, வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் பால் புட்டி இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் அதற்குள் பூட்டை மாற்றியிருந்தார்.

கேன்டீனில் அசெம்பிளி லைன் பெண் ஒருத்தி உன்னிடம் வந்து கேட்டாள், அவள் மகளும் அங்கே இருந்தவள்தான். "உங்க புள்ளையும் அங்கதான இருந்துச்சு மேடம். அதக்கூடவா பாக்காம கையெழுத்துப் போட்டீங்க?" நீ தட்டைப் பார்த்தபடி, "ஆமாம்மா, பாக்கல" என்றாய். நான் உனக்கு எதிரே உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அதன்பிறகு அந்தப் பெண்கள் உன் மேசையில் உட்காரவில்லை.

நீ வண்டலூரில் இறங்கி அவனை விட்டுவிட்டு, அடுத்த ரயில் பிடித்து வந்தாய். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே ஒரு நிமிடமும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். காலாண்டு முடிவு வந்த வாரம், ஆறே முக்காலுக்கு நீ போனபோது ஜோயல் பூட்டிய கேட்டுக்கு வெளியே காவல்காரர் மடியில் உட்கார்ந்திருந்தானாம். உன்னைப் பார்த்து அழவில்லையாம். அழாததுதான் தாங்கவில்லை என்று ரயிலில் சொன்னாய். அடுத்த மாதம் ராஜினாமா செய்தாய். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாய். "நிம்மதியா இருக்கேன்பா" என்று போனில் சொல்வாய். உன் குரலில் அது இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. என் குரலில் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்பதிலேயே இருந்தேன்.

பிறகு அந்த டிசம்பர். காய்ச்சல் என்றார்கள், அட்மிட் செய்திருக்கிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீ ஞாயிறுவரை இருக்கவில்லை.

போன வாரம் உன் வீட்டில் ஒரு வருட நினைவு ஜெபம். பாய் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜோயலுக்கு முன்பற்கள் விழுந்திருக்கின்றன. என் மகளின் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பாப்பா ஸ்கூலுக்கு வருமா என்று கேட்டான். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, உன் கணவர் சமையலறையில் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய்ச் சொன்னேன். சனிக்கிழமை, ஷீட், ஏழு வரி, சார் கேட்டபோது நான் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும். அண்ணா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியும்மா" என்றார்.

சார் நம்மைக் கூப்பிட்ட அன்று காலையே உனக்குத் தெரியுமாம். எந்தக் கட்டத்தில் யார், எப்போது எழுதினார்கள் என்று அந்த ஷீட்டிலேயே பார்க்க முடியும் அல்லவா, நீ பார்த்திருக்கிறாய். என் பெயரையும் சனிக்கிழமை மதிய நேரத்தையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாய். பார்த்துவிட்டுத்தான் 'நான்தான் சார்' என்று சொல்லியிருக்கிறாய்.

"கோவம்லாம் இல்ல. என் சண்டேவ காப்பாத்தத்தான் அப்படிப் பண்ணியிருக்கான்னு சொல்லிச் சிரிச்சா. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தா. அது மட்டும்தான் அவளுக்குக் கொற."

அண்ணா மறுபடி குழாயைத் திறந்தார். ஜோயல் வந்து பால் கேட்டான். நான் கிளம்பினேன்.

மூன்று வாரத்தில் நான் ராஜினாமா கொடுக்க வேண்டியிருக்கும். இவளை வைத்துக்கொள்ள ஒரு இடமும் இல்லை. அந்த வீடு இருந்திருந்தால் என்று நினைக்கும் உரிமைகூட எனக்கு இல்லை என்பது தெரிகிறது. அது போகட்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தேன். நீ மன்னித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாய் என்று தெரிந்த பிறகு கேட்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. என்னிடம் இப்போது இருப்பது நம் போன் பேச்சுகள் மட்டும்தான். ஒவ்வொன்றாக எடுத்து மனதுக்குள் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன்னால் நீ கொஞ்ச நேரம் சும்மா இருப்பாய். லைன் போய்விட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்பேன். அப்போதுதான் கேட்பாய், "வேற ஒண்ணும் இல்லையே?" என்று.

"ஒண்ணும் இல்லப்பா" என்று நான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொன்னேன்.