தாழ்ப்பாள் இல்லாத வீடு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் என் பட்டாணியும் சுகமாக இருக்க வேண்டும். ஹோட்டல் சலவைக் கூடத்தில் என்னை இஸ்திரி போடும் பக்கம் மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க ஆவியில் வேக வேண்டும், ஆனாலும் துவைக்கும் வேலைக்கு இது தேவலாம். என்னைக் கட்டியவன் உடைத்த மணிக்கட்டு குளிர் நாளில் மட்டும் வலிக்கிறது.

ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறேன். நீ பட்டாணி காதில் வைக்கிறாய். மூச்சுச் சத்தம்கூட வருவதில்லை. நீ போனைத் திரும்ப வாங்கிக்கொண்ட மறு நிமிடம், அவள் பெரியப்பாவோடு வாயடிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. பெற்றவளுக்கு மட்டும் ஊமையா?

ஜூனில் வந்து அழைத்துக்கொள்கிறேன். பள்ளியில் இடம் சொல்லி வைத்தாயிற்று. தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறையும் பிடித்துவிட்டேன். அவன் எங்கள் பக்கமே வரக்கூடாதென்று கோர்ட் சொல்லிவிட்டது. பிறகு எதற்கு வாராவாரம் டாக்டர்? ஆறு வயதுக் குழந்தை பொம்மை வைத்து விளையாட வைத்தியர் வேண்டுமா?

உன் தங்கை

மார்ச் 12

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு ஒரே பக்கத்தை நான்கு தடவை எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பட்டாணி நன்றாகச் சாப்பிடுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆனால் எந்தக் கதவையும் மூட விடுவதில்லை. குளியலறைத் தாழ்ப்பாளை உன் அத்தான் கழற்றிவிட்டார். இப்போது உள்ளே ஆள் இருப்பது தெரிய, இருவரும் பாடிக்கொண்டே குளிக்கிறோம். அவர் குரலுக்கு அண்டை வீட்டில் புகார் வராதது பெரிய விஷயம்.

டாக்டரம்மா ஒன்றும் துருவிக் கேட்பதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறார். மணல் தொட்டியும் பொம்மை வீடும் இருக்கின்றன. பட்டாணி என்ன செய்கிறாளோ அதையே கூடச் செய்கிறார். வாயால் சொல்ல முடியாததைக் குழந்தைகள் கையால் சொல்லுமாம். எனக்கும் முதலில் நம்பிக்கையில்லை. ஆனால் இரவில் படுக்கை நனைவது குறைந்திருக்கிறது.

ஜூன் வேண்டாம், தங்கச்சி. கொஞ்சம் பொறு.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

பொறு என்கிறாய். உனக்குக் குழந்தை இல்லை, அதனால் என் குழந்தையைப் பொறுமையாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாயா? எழுதக்கூடாதுதான், எழுதிவிட்டேன்.

அன்றைக்கு அவளைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டவள் நான். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எல்லா அடியையும் வாங்கினேன். அவள் மேல் ஒரு கீறல் இல்லை. அம்மாதான் காப்பாற்றினாள் என்று அவளிடம் சொல். அதைச் சொல்லிக் கொடுக்காமல் என்ன வைத்தியம் நடக்கிறது அங்கே?

ஜூனில் வருகிறேன்.

தங்கை

மார்ச் 29

தங்கச்சிக்கு,

நீ எழுதியது என்னைச் சுட்டது. அதை விடு. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அன்றிரவு அவன் ஓடிய பிறகு, மயங்கிக் கிடந்த உன்னை மாடி வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். காலையில் நான் வந்து, "புள்ள எங்க?" என்று கேட்டேன். "உங்க வீட்டுல இருக்கான்னுல்ல நெனச்சோம்" என்றார்கள். அவள் அவர்களிடம் இருப்பதாக நான் நினைத்திருந்தேன். உன் வீட்டுக்கு ஓடிப்போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்தால் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. இரவு முழுக்க அத்தனை பேர் வந்து போன வீட்டில் அவள் ஒரு குரல் கொடுக்கவில்லை. உனக்கு நினைவு திரும்பியபோது இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

போன வாரம் பொம்மைகளெல்லாம் கூடிப் பேசிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் மூலையில் கிடந்ததாம். "இவ ஏன் பேசல?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். "அம்மா வந்து சொல்ற வரைக்கும் சத்தம் வரக்கூடாது. அம்மா இன்னும் சொல்லல" என்றாளாம் பட்டாணி.

உன் கட்டிலருகே நின்றபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டுப் போட்ட முகத்தைக் கண்டு பயந்துவிட்டாள் என்று நினைத்தோம். உன் குரலைக் கேட்டால் இன்றும் அப்படித்தான் இருக்கிறாள். அவள் உன்னை வெறுக்கவில்லை. நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போனில் வேண்டாம், அம்மாவே நேரில் வந்து சொல்லட்டும் என்கிறார் டாக்டரம்மா. கிளம்பி வா.

அக்கா

ஏப்ரல் 11, ரயிலில்

அக்கா,

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நீ டாக்டரம்மா அறைக்கு வெளியே, வராந்தாவின் கோடியில் உட்கார்ந்திருந்தாய். சத்தம் கேட்டு உள்ளே வரப் பார்த்தாயாம், தான் தடுத்துவிட்டதாக அங்கே உதவிக்கு இருக்கும் பெண் சொன்னாள். உள்ளே என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். "பட்டாணி, எல்லாம் முடிஞ்சிடுச்சு. வெளிய வந்துடு. இனிமே சத்தம் போடலாம்" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான். கை நிறைய மணலை அள்ளி என் முகத்தில் அடித்தாள்.

"ஏன் வரல? ஒரே இருட்டா இருந்துச்சு. நீ கத்துன, அப்புறம் கத்தல. நீ செத்துட்டன்னு நெனச்சேன். ஏன் வந்து சொல்லல?"

தொண்டை கட்டும்வரை கத்தினாள், அடித்தாள். அவள் கையைப் பிடிக்கலாமா என்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி வேண்டாமென்றார். எனக்கு அதுவரை என் வலி மட்டும்தான் தெரிந்திருந்தது. அடி வாங்கியவள் நான், அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் என்று ஒருநாளும் தோன்றவில்லையே அக்கா.

கடைசியில் களைத்துப்போய் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். சரி என்றேன். அந்தச் சரியைச் சொல்வதற்குள் உயிர் போய்விட்டது.

ஜூனில் அழைத்துப் போக வரமாட்டேன். அறையை விட்டுவிடுகிறேன். உன்னைப் பற்றி எழுதியதை மன்னித்துக்கொள். அங்கேயே ஏதாவது சலவைக் கடையில் வேலை இருந்தால் அத்தானை விசாரிக்கச் சொல். என்மேல் அவளுக்குக் கோபம் மிச்சம் இருக்கும், அதை வாங்கிக்கொள்ள நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவள் கத்தினால் அடக்காதே. அக்கம்பக்கத்தில் யாராவது வந்து கேட்டால், அவள் அம்மாதான் சத்தம் போடச் சொல்லியிருக்கிறாள் என்று சொல்.

தங்கை