ஜன்னல் வருவதற்குள் போய்விட்ட அத்தைக்கு

என் பிரியத்துக்குரிய அத்தை,

ஜன்னல் வந்துவிட்டது. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அதுதான். நாலையும் பொருத்தியாகிவிட்டது. இழுத்தால் சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறது. இதை யாரிடம் சொல்ல? வீட்டில் நானும் உங்கள் கட்டிலும்தான்.

உங்கள் மகன் விபத்தில் போன பிறகு என்னைக் கூட்டிப்போக என் அண்ணன் வந்தான். "அவ எங்கயும் வரமாட்டா. பெத்த புள்ளயும் போய்ட்டான், இவளையும் அனுப்பிட்டு நான் யாரோட ஒக்காந்து சாப்பிடறது?" என்றீர்கள். அன்றிலிருந்து நாம் இரண்டு பேர். நான் அரக்கோணத்தில் கடை வேலை முடிந்து திரும்பும்வரை சாப்பிடாமல் காத்திருப்பீர்கள். மழை வந்தால் செல்லரித்த மர ஜன்னல் வழியே சாரல் அடிக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சிரித்துக்கொண்டே கட்டிலை நகர்த்துவோம்.

அந்த ஜன்னல்களை மாற்றத்தான் ஆர்.கே.பேட்டை மேஸ்திரியைக் கூப்பிட்டேன். முதல் சட்டத்தைப் பெயர்த்ததுமே மேலிருந்து செங்கல் பொலபொலவென்று கொட்டியது. "இன்னாம்மா இது, மேல லிண்டலே கெடையாது! இம்மாம் வருஷமா இந்த மரந்தான் செவுத்தத் தாங்கினு இருந்திருக்குது" என்று பதறினார். மற்ற மூன்றும் அப்படித்தான். சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்க கான்கிரீட்டில் லிண்டல் போட்டு, அது இறுகின பிறகுதான் ஜன்னல் என்றார்.

நீங்கள் பயப்படவே இல்லை. பிளாஸ்டிக் ஷீட் கட்டிய ஜன்னல் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மலைக்கோயிலுக்குப் போகும் காவடிகளை வேடிக்கை பார்த்தீர்கள்.

"மேஸ்திரி, ஜன்னல் எப்போ வரும்?"

"ஆங், வந்துகினே இருக்குது ஆயா."

தினமும் இதே பேச்சு. அது வரும்வரை இருந்திருக்கக் கூடாதா அத்தை?

அன்று காலை டீயைக் கையில் வாங்கினீர்கள். குடிக்கவில்லை. அப்படியே என் தோளில் சாய்ந்தீர்கள், அவ்வளவுதான்.

உங்களை நடு ரூமில் கிடத்த ஏற்பாடு செய்தபோது மேஸ்திரி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். "உள்ள கூட்டம் சேர வாணாம்மா. லிண்டல் இன்னும் எறுகல. ஒரு முட்டு நவுந்தா செவுரு மேல வந்துடும்."

நீங்கள் கல்யாணமாகி வந்த வீடு. அதன் எதிரே, தெருவில், ஷாமியானாவுக்கு அடியில் உங்கள் பெட்டியை வைத்தோம். எதிர் வீட்டு ரெட்டியாரம்மா பெஞ்சு கொடுத்தார். பாஸ்டர் வெயிலில் நின்றே ஜெபம் பண்ணினார். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பாட்டும் வரவில்லை, ஜெபமும் வரவில்லை. "உள்ள போலாம் வாங்க அத்தை" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேனாம்.

போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. ஜன்னலைச் சாத்தினேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனாலும் கை போய்க் கட்டிலைப் பிடித்துவிட்டது. மறுபக்கம் பிடிக்க ஆளில்லை என்று உறைத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் மறுபடி வந்தான். "இனிமே தனியா இங்க இன்னா பண்ணுவ?" என்கிறான். எனக்கு மட்டும் தெரியுமா?

உங்கள் வருஷ நினைவு ஜெபத்தைச் சர்ச்சில் வைத்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். நம் நடு ரூமில்தான். அன்று தெருவில் நின்றவர்கள் எல்லோரும், மேஸ்திரியும், உள்ளே வந்து பாய் விரித்து உட்காருவார்கள். வீட்டுக்குள்ளே உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்து, எல்லோருக்கும் என் கையால் சோறு போடாமல் நான் எங்கும் போகமாட்டேன் அத்தை.

உங்கள் வீட்டிலேயே இருக்கும்
உங்கள் மருமகள்,
ஸ்டெல்லா