இழுப்பறையில் மிஞ்சிய ஆறு மாத்திரைகள்

பிப்ரவரி 28, வெள்ளி

என் மருந்துக்கடையின் குளிர்பெட்டி மறுபடி முனகுகிறது. மெக்கானிக் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி இன்றோடு நான்கு நாள். அவருடைய நாளை எந்த வாரத்தில் வருமோ.

பக்கத்துக் கடைத் தையற்காரரின் மகள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பத்தொன்பது வயது. அட்டையைக் கொண்டுவந்து என் கவுன்டரில் வைத்து, "போட்டோல திருடி மாதிரி இருக்கேன்ல அத்தை?" என்றாள். "மாதிரி என்ன மாதிரி" என்றேன். அவள் அப்பா என்னை அக்கா என்று கூப்பிடுவதால் நான் அவளுக்கு அத்தை. அவருக்கு ஓட்டத் தெரியாது. துணி மூட்டைகளுக்காக வாங்கிப்போட்ட பழைய காரை இனி இவள்தான் ஓட்டப்போகிறாள். அவர் இன்று தைத்த சட்டைகளில் எத்தனை பொத்தான் இடம் மாறியிருக்கிறதோ, அவ்வளவு பெருமை.

மார்ச் 4, செவ்வாய்

தபால்காரருக்கு அடிபட்டுவிட்டது. இடித்தது தையற்காரர் மகள்.

காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வளைவில். ரோடு காலி, நல்ல வெளிச்சம். கார் மெல்ல ஓரம் ஒதுங்கி, நடைபாதையில் ஏறி, சைக்கிளோடு அவரைச் சுவரில் வைத்து அழுத்திவிட்டதாம். இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிவு. அவளுக்கு நெற்றியில் மூன்று தையல். குடித்திருக்கிறாளா என்று ஊதச் சொல்லியிருக்கிறார்கள். குடிக்கவில்லை. அப்படியென்றால் போனைப் பார்த்திருப்பாள் என்று தெருவே பேசுகிறது. நானும் பேசினேன். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கண்ணு ரோட்டுலயா இருக்கு" என்று கடைக்கு வந்த நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 5, புதன்

ஒருவர் தும்மிக்கொண்டே வந்து அலர்ஜி மாத்திரை கேட்டார். இழுப்பறையைத் திறந்தேன். பாதி வெட்டிய அட்டை ஒன்று இருந்தது. ஆறு மாத்திரைகள். ஓரத்தில் காலாவதித் தேதி. அதன் கீழே சிவப்பில் ஒரு வரி: தூக்கம் வரும், வாகனம் ஓட்டக் கூடாது.

மீதி நாலு மாத்திரை எங்கே போனது?

நேற்றுக் காலை ஒன்பதே காலுக்கு அவள்தான் வந்தாள். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிய. "ஏதாவது குடுங்க அத்தை, மூட்டையைக் கொண்டுபோய்க் குடுக்கணும், லேட்டாயிடுச்சு" என்றாள். நாலு வெட்டினேன். தேதி இருக்கும் பக்கத்தைக் கடையில் நிறுத்திக்கொண்டு மறுபக்கத்தை வெட்டிக் கொடுப்பதுதான் எங்கள் தொழிலில் ஒழுங்கு. மீதியை எந்தத் தேதிவரை விற்கலாம் என்று தெரிய வேண்டுமே. அந்தச் சிவப்பு வரி தேதியோடு ஒட்டிக்கொண்டு கடையிலேயே தங்கிவிடும். அதற்காகத்தான் சின்னக் கவரில் போட்டு, கவர் மேல் எழுதிக்கொடுப்பேன், வாயாலும் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறேன். நேற்று கவர் எடுக்கவில்லை. அவள் அங்கேயே ஒன்றை விழுங்கினாள். தண்ணீர் கொடுத்தது நான்.

வாயும் சும்மா இல்லை. பேசிக்கொண்டுதான் இருந்தேன். "கோணலா ஓட்டிட்டு வந்து என் கடை ஷட்டர்ல நிக்காதே" என்று கேலி. அவள் சிரித்துக்கொண்டே சாவியைச் சுழற்றிக்கொண்டு போனாள். சொல்ல வேண்டிய ஒரே ஒரு வரி, அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசியிருக்கிறேன். பாவி.

மார்ச் 6, வியாழன்

கடையைத் திறந்தேன். பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார், எதையும் படிப்படியாகப் பிரித்துத்தான் பார்ப்பார். "நீ தப்பு மருந்து குடுத்தியா? இல்ல. காலாவதி ஆனதா? இல்ல. அவ கேட்டா, குடுத்தே. விட்டுடு."

"சொல்லலையே."

"உன் கடை லைசென்ஸ் போயிடும். அப்புறம் என்ன பண்ணுவே?"

அந்தக் கேள்வியையே ஒரு காரணமாக வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது — அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தபால்காரரைப் பார்த்தேன். காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும், "இருபத்தாறு வருஷம் நாய்களுக்குத் தப்பிச்சேம்மா, ஒரு சின்னப் பொண்ணுக்குத் தப்ப முடியல" என்று சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் வலிக்கிறது அவருக்கு.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன் கீன் ஒண்ணும் இல்லம்மா. நான் நேரா அவ முகத்தைப் பார்த்தேன். கண்ணு மூடியிருந்துச்சு. பிரேக்கே போடல."

"அப்படியா" என்றேன். அங்கேயே அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 22, சனி

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் புதிதாகப் பழகுபவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் வகுப்பு வைக்கிறார். விபத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு யோசனை. "மருந்துக்கடைக்காரம்மா பேசினா பசங்க கேப்பாங்க" என்று என்னை அழைத்திருந்தார். தெருவில் என்னைவிடப் பொறுப்பான ஆள் கிடைக்கவில்லையாம். மாட்டேன் என்று சொல்லக் காரணம் சொல்ல வேண்டுமே, போனேன்.

இருபது பேர். குடித்துவிட்டு ஓட்டினால் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று விளக்கினேன். நன்றாகவே பேசினேன். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "குடிக்கலை, சும்மா ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டா ஓட்டலாமா?"

தெரிந்த கேள்வி. தெரிந்த பதில். தொண்டைவரை வந்தது. "அதை டாக்டரைக் கேட்டுக்கோம்மா" என்றேன்.

கைதட்டினார்கள். வெளியே வரும்போது மாஸ்டர் சொன்னார், தையற்காரர் மகளையும் இந்த வகுப்புக்குக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறதாம் போலீஸ். அவள் இந்தப் பெஞ்சில் உட்கார, நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க. சீ, என்ன பிழைப்பு இது.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலேயே தையற்காரர் வீட்டுக்குப் போனேன். ஆறு மாத்திரை அட்டையும் கைப்பையில் இருந்தது. வாசலில் கார் உறை போட்டு நின்றது. உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். நின்றபடியே முழுவதையும் சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய அட்டை. மூன்று மாத்திரையும் ஒரு காலிக் குழியும்.

"ஸ்டேஷன்ல நான் மாத்திரை போட்டதைச் சொன்னேன் அத்தை. அட்டையில எழுதியிருக்குமே, படிக்கலையான்னு கேட்டாங்க. படிக்கலைன்னு ஒத்துக்கிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தா அப்படி எதுவுமே இல்லை. தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கறேன். எனக்குத்தான் ஏதோ கண்ணு தெரியலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

என் அட்டையை மேஜையில் வைத்தேன். அவள் தன்னுடையதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். கேலி பேசிக்கொண்டே வெட்டியதில் கத்தரி ஓரிடத்தில் வளைந்து போயிருக்கிறது. இரண்டு விளிம்பும் அந்த வளைவோடு சரியாகப் பொருந்தின. அவள் சிவப்பு வரியை வாய்விட்டுப் படித்தாள். இரண்டு தரம்.

"பத்தொன்பது நாள் அத்தை" என்றாள். அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தையற்காரர் தரையைப் பார்த்தபடி, "நீங்க இப்ப கிளம்புங்க அக்கா" என்றார். அந்த 'அக்கா'வை அவர் விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மார்ச் 24, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாத்திரைகளையும் ஒப்படைத்தேன். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. தபால்காரர் முழுவதும் கேட்டார். "அந்தப் பொண்ணை நான் மனசுக்குள்ள நிறையத் திட்டிட்டேன்மா" என்றார். என்னைத் திட்டவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மருந்து ஆய்வாளர் வந்தார். மூன்று மாதம் கடை மூடல். வீட்டுக்காரர் நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஷட்டரை நான் தனியாக இழுக்கும்போது எங்கிருந்தோ வந்து மறுபக்கம் பிடித்தார்.

மே 11, ஞாயிறு

புதுத் தபால்காரர் எங்கள் கடிதத்தை எதிர் வீட்டில் போடுகிறார். பழையவர் கைத்தடியோடு நடக்கிறார், தபால் நிலையத்துக்குள்ளேயே முத்திரை குத்தும் வேலை கொடுத்திருக்கிறார்கள். சைக்கிள் இனி இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது அவளுக்கு உதவும் என்கிறார் வக்கீல். தையற்காரர் மூட்டையைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறார். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார்.

ஜூலை 1, செவ்வாய்

கடை திறந்தேன். குளிர்பெட்டி முனகவில்லை. இப்போதெல்லாம் கத்தரியை எடுக்கும் முன் சிவப்புப் பேனாவை எடுக்கிறேன். வந்தவர் ஒருவர், "என்னம்மா, மாத்திரைக்குக் கடுதாசி எழுதறீங்களா" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 12, சனி

மாஸ்டரிடம் நானே கேட்டு மறுபடி வகுப்புக்குப் போனேன். பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. கடையில் வெட்டுவது போலவே வெட்டிய ஒரு காலி அட்டையை முன்வரிசையில் கொடுத்து, "வண்டி ஓட்டலாமா கூடாதான்னு இதுல எங்கே போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அட்டை கைமாறிக் கைமாறிப் போனது. திருப்பினார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஒருவன் வாசனைகூடப் பார்த்தான். யாருக்கும் கிடைக்கவில்லை.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை. நெற்றித் தழும்பை முடி மறைத்திருந்தது. அட்டை அவள் கைக்குப் போனது. அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுல இருக்காது. மீதி கடையில இருக்கும், அதுலதான் இருக்கும்" என்றாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "கேட்டு வாங்கிப் படிங்க. கடைக்காரங்க எவ்வளவு தெரிஞ்சவங்களா இருந்தாலும் கேளுங்க."

வகுப்பு முடிந்ததும் அட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பஸ் நிறுத்தத்தில் அப்பாவோடு நின்றிருந்தாள், இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு மூட்டை.