ஒதுங்கி நிற்கிறேன்

மார்ச் 4

பந்துகளுக்குக் காற்றடித்தேன். பதினான்கில் மூன்று தேறாது.

அணியிலேயே உயரமானவள், எங்கள் நெட்டையின் முழங்கால் வீங்கியிருக்கிறது. "லேசா இழுக்குது கோச்" என்றாள். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஐஸ் வைக்கச் சொன்னேன். நாளை மறுநாள் கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்து இறுதி ஆட்டம். அவள் இல்லாமல் வளையத்துக்கடியில் யாரை நிறுத்துவது?

என் அணியில் 'வலி' என்ற வார்த்தையைச் சொன்னால் ஐந்து சுற்று ஓட வேண்டும். விளையாட்டாக வைத்த விதிதான். பெண்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

மார்ச் 6

ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் துள்ளி இறங்கிய நெட்டை எழுந்திருக்கவில்லை. கோப்பையை யார் வாங்கினார்களோ தெரியாது. நான் ஆம்புலன்ஸில் இருந்தேன்.

மார்ச் 11

முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை. அவள் அப்பா பத்திரிகைக்காரர்களிடம் போய்விட்டார். வீங்கிய காலோடு அவள் ஆடும் வீடியோ எல்லார் போனிலும் ஓடுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். "விசாரணை முடியற வரைக்கும் நீங்க கொஞ்சம் ஒதுங்கி நின்னா எல்லாருக்கும் நல்லது மேடம்." அங்கேயே, அவர் பேனாவாலேயே எழுதிக் கொடுத்தேன்: 'பொறுப்பிலிருந்து ஒதுங்கி நிற்கிறேன்.' எதுவரை என்று எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 12

அறிவிப்புப் பலகையில்: 'பயிற்சியாளரின் ராஜினாமா ஏற்கப்பட்டது.'

ராஜினாமான்னு எங்கய்யா எழுதினேன்?

மார்ச் 13

"ஒதுங்கறதுன்னா போறதுதானே மேடம்?" — முதல்வர்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவனுக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். இவருக்குத் தெரியாதாம்! பதினாறு வருடம் உழைத்த இடம். மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். "விட்டுத் தொலையேன்" என்கிறார் வீட்டுக்காரர். முடியாது. நானாகப் போகவில்லை என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.

மார்ச் 20

அம்மா இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2

விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஒரு மணி நேரம் 'ஒதுங்கி' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு மாரடித்தோம். கல்லூரி வக்கீல் அகராதியே கொண்டுவந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், என் பக்கம் சாய்கிறது என்று.

பிறகு நெட்டை வந்தாள், ஊன்றுகோலோடு.

"வலிக்குதுன்னு கோச்கிட்ட சொன்னியாம்மா?" என்றார் குழுவில் ஒருவர்.

"இல்ல சார். வலின்னு சொன்னா அஞ்சு ரவுண்டு ஓடணும். அதான் இழுக்குதுன்னு சொன்னேன். நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். கோச்சுக்குப் புரியும்னு நெனச்சேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

புரிந்ததா எனக்கு? புரிந்தது. தொட்டுப் பார்த்த கைக்குத் தெரியாதா? என் வார்த்தையைத் திரித்துவிட்டார்கள் என்று மூன்று வாரமாகக் குதிக்கிறேனே — அவள் வார்த்தையை நான் என்ன செய்தேன்? யாரும் கேட்காமலே எழுந்து குழுவிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆட வெச்சேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஏப்ரல் 17

நான் எழுதிக் கொடுத்த கடிதம் ராஜினாமா ஆகாதாம். வேலை திரும்பக் கிடைத்தது. கூடவே கண்டனக் கடிதம், ஒரு வருடம் ஆட்டங்களில் அணியோடு உட்காரத் தடை. பயிற்சி மட்டும் தரலாம்.

"ஜெயிச்சுட்டியே!" என்றார் வீட்டுக்காரர். கண்டனக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

ஏப்ரல் 21

மைதானம். பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாருக்கு எங்க வலிக்குது, சொல்லுங்க. ஓட வேணாம்" என்றேன்.

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள்.

"டீம்ல இடமும் போகாது. சத்தியமா."

கேப்டன்தான் முதலில் கையைத் தூக்கினாள். தோள்பட்டை. ஒன்றரை வருடமாகவாம். பிறகு அவள் பக்கத்தில் நின்றவள், கணுக்கால். அப்புறம் ஒவ்வொருத்தியாக. நோட்டை எடுத்து எழுதினேன். பந்தை வெளியே எடுக்கவே நேரமில்லை.

பதினோரு பேரில் எட்டுப் பேர்.