எழுந்திருக்காத கம்ப்யூட்டரும் உன் மாமியாரும்

எருமப்பட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள கவினுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உங்கப்பாவும் பண்ணைக் கோழிகளும் சுகம். ஜெர்மனியில் நீயும் சத்யபிரியாவும் சுகமா என்பதை உன் மாமியாரிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். போன முகூர்த்தத்தன்று திருச்செங்கோட்டு மண்டபத்தில் பெரியநாயகி சம்பந்தியம்மா பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஏனுங்க சம்பந்தி, எங்க ஊட்டுக் கம்ப்யூட்டர் தூங்குனா எந்திரிக்கவே மாட்டேன்னுச்சுங்க, மாப்பிள்ளை ஒரு மணி நேரம் போன்லயே இருந்து சரி பண்ணிக் குடுத்துட்டாருங்க என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார். நான் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே கோளாறு என்று மூன்று வாரத்துக்கு முன்பே உன்னிடம் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? தட்டினால் ஒரு நொடி வெளிச்சம் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது, உன் முகம் பார்த்துப் பேச வாங்கிக் கொடுத்த பெட்டியில் என் முகந்தான் கறுப்பாகத் தெரிகிறது என்றேன். மீட்டிங் இருக்குதும்மா, அப்புறம் பார்க்கலாம் என்று நாலு நிமிடத்தில் வைத்துவிட்டாய். அவருக்கு ஒரு மணி நேரம், எனக்கு நாலு நிமிடம். உன்னைப் பெற்றவள் நானா அவரா? வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

இனி உன்னைக் கேட்பதில்லை என்று வீராப்பாக, நீ அவருக்குச் சொன்ன வைத்தியத்தை அவரிடமே நைசாகக் கேட்டு வந்து நானும் செய்து பார்த்தேன். செட்டிங்கில் போய், தூங்கவே கூடாது என்று மாற்றி வைத்தேன். அப்படியும் படுத்துக்கொண்டது. மாமியாருக்கு நல்லதாகப் பார்த்து வாங்கிவிட்டு எனக்கு மட்டமானதை வாங்கிவிட்டான் என்று உங்கப்பாவிடம் புலம்பினேன். தூங்குறதை எதுக்கு எழுப்பற, உட்டுத்தொலை என்று அவர் தீவனம் கலக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தூசி துடைக்கும்போதுதான் பார்த்தேன் சாமி. ஆயுத பூஜைக்குத் தீவன மெஷின், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன் அல்லவா, நீ வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று கம்ப்யூட்டருக்கு மட்டும் சந்தனத்தை அள்ளி அப்பியிருக்கிறேன், அதுவும் பவர் பொத்தான் மேலேயே. அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, உள்ளே போன பொத்தான் வெளியே வராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் எழுப்ப எழுப்ப, அமுங்கியே கிடந்த பொத்தான் கம்ப்யூட்டரை மறுபடி தூங்க வைத்திருக்கிறது. கரண்டைப் பிடுங்கிவிட்டு ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தேன். இப்போது தட்டின உடனே எழுந்துவிடுகிறது. உன் மேலும் தப்பில்லை, பெட்டி மேலும் தப்பில்லை, என் சந்தனந்தான். யாரிடமும் சொல்லிவிடாதே, முக்கியமாக உன் மாமியாரிடம்.

இந்தப் பார்சலில் பருப்புப்பொடி வைத்திருக்கிறேன். அவரும் முறுக்கு அனுப்பியிருப்பார், நீ முதலில் என் பொடியைப் பிரி. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனஸ்தாபம் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. கம்ப்யூட்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள். சரி பண்ண ஒரு மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
சௌந்திரம்