ஓடுபாதை ஓரத்துக் கடைசி வீட்டில் என் தங்கை குடிவர அனுமதி கேட்டு

அனுப்புநர்:
தலைவர்,
கிழக்குத் தெருக் குடியிருப்போர் நலச் சங்கம்
(தற்சமயம் தலைவர் மட்டுமே உறுப்பினர்),
ஓடுபாதைச் சுவருக்கு எதிரே, மிஞ்சி நிற்கும் ஒரே வீடு.

பெறுநர்:
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
நில உபயோகம் மற்றும் ஒலித் தணிப்புப் பிரிவு,
விமான நிலைய வளாகம்.

பொருள்: ஒலிப் பகுதியில் உள்ள என் வீட்டில் என் உடன்பிறந்த தங்கை வந்து குடியிருக்க விதிவிலக்கு அளிக்கக் கோருதல் – தங்கை என்று ஒருவர் உண்மையிலேயே இருப்பதை நிரூபித்தல் – தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மனுவும், அதைத் தள்ளுபடி செய்த தங்கள் அலுவலகக் கடிதமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தில் என் சொல்லுக்கு இப்போது மதிப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரி வரை படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். ‘மைக் மாமா வீடு எது?’ என்று கேட்டால் தெருவில் தவழும் குழந்தையும் கை காட்டும். பள்ளிப் படிப்பு ஐந்தோடு நின்றது. வாத்தியாரைவிட எனக்கு அதிகம் தெரிந்துவிட்டதால், போதுமப்பா என்று அவரே கும்பிட்டு அனுப்பிவைத்தார். தங்கள் ஆட்கள் சத்தம் அளக்கும் பெட்டியை என் மொட்டைமாடியில் வைத்தபோது பக்கத்தில் நின்று சும்மா ஒரு ‘ஹலோ’ சொன்னேன். விமானத்துக்கு ஏறாத அளவு அதற்கு ஏறியது. அளக்க வந்த தம்பி வெலவெலத்துப்போய், “ஐயா, நீங்க கீழ எறங்கிடுங்க, கணக்கே கெட்டுடும்” என்றார். ஆகவே சத்தத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர் இந்த வட்டாரத்தில் இல்லை. வட்டாரத்தில் இப்போது வேறு யாருமே இல்லை என்பது வேறு விஷயம்.

2. எங்கள் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தலைக்கு மேல் விமானம் வந்தால், பேசிக்கொண்டிருப்பவர் எந்தச் சொல்லில் இருக்கிறாரோ அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார். போனதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பார். தையல்காரர் உதட்டில் குண்டூசியோடு நிற்பார். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்லாமல் விரலைத் தூக்கியபடி நிற்பார். புருஷன் பெண்சாதி சண்டையும் அப்படித்தான். விமானம் போய் முடிவதற்குள் எதற்குச் சண்டை என்பது பாதிப் பேருக்கு மறந்துபோகும். எங்கள் தெருவில் ஒரு விவாகரத்துகூட நடக்காததற்கு விமானமே காரணம் என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

3. ஓடுபாதையை நீட்டிய பிறகு எங்கள் தெரு ஒலிப் பகுதி என்று வரைபடத்தில் சிவப்பாகிவிட்டது. விற்க விரும்புபவர் விற்கலாம், இருக்க விரும்புபவர் இருக்கலாம், ஆனால் புதிதாக ஒருவரும் குடிவரக் கூடாது, காலியாகும் மனைகளில் கிடங்கும் வாகன நிறுத்தமும் மட்டுமே வரலாம் என்பது விதி. உடனே கூட்டம் கூட்டினேன். நானே மைக் கட்டி, நானே தலைமை தாங்கி, நானே சிறப்புரையும் ஆற்றினேன். இந்தத் தெருவில் ஒரு செங்கல்லும் அசையாது என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தையல்காரர் அழுதேவிட்டார். முதலில் விற்றவரும் அவரே. அவர்மேல் குறையில்லை. அவருடைய கைக்குழந்தை ஒவ்வொரு விமானத்துக்கும் தூக்கத்தில் திடுக்கிட்டு அழும். ஒவ்வொரு குடும்பமும் சாமான் ஏற்றும்போது, “மாமா, நீங்களும் கிளம்பிடுங்களேன்” என்றார்கள். மைக்கில் சொன்ன வார்த்தையை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் பழகவில்லை. இன்று எனக்கு வலப்பக்கம் சரக்குக் கிடங்கு. இடப்பக்கம், ஜனங்கள் காரை விட்டுவிட்டு வெளியூர் பறக்கும் மைதானம். எதிரே சுவர்.

4. தாங்கள் பொருத்திக் கொடுத்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களுக்கு நன்றி. வேலை முதல் தரம். சாத்திவிட்டால் மீன்தொட்டிக்குள் மீன் போவதுபோல் விமானம் போகிறது. குளிர்சாதனப் பெட்டி பெருமூச்சு விடுவது கேட்கிறது. நான் நடந்தால் எனக்குப் பின்னாலேயே யாரோ நடப்பதுபோல் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் என் செருப்புதான். அதனால் பெரும்பாலும் திறந்தே வைக்கிறேன். இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நானே பேசிக்கொண்டிருக்கையில் விமானம் வந்தால் தெரு வழக்கப்படி நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் போனபின், எங்கே விட்டீங்க என்று எடுத்துக் கொடுக்க ஆளில்லாததால் பல சங்கதிகள் பாதியிலேயே கிடக்கின்றன.

5. குடியிருப்போர் கணக்கு எடுக்க வந்த அம்மையார் வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒண்டி ஆள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பதினோரு பேர் என்றேன். அது பொய் அல்ல ஐயா, மதிப்பீடு. வீடு அத்தனை பேரைத் தாங்கும். சரிபார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும், காலி வீடுகளில் விட்டுப்போன செருப்புகளைப் பொறுக்கி வந்து வாசலில் வரிசையாக வைத்தேன். வந்த அதிகாரி, “செருப்பெல்லாம் தூசி படிஞ்சு கெடக்கே” என்றார். “எங்க வீட்டுல யாரும் அதிகமா வெளிய போறதில்ல” என்றேன். “உள்ளயும் காணோமே” என்றார். நகைச்சுவை உணர்வுள்ள நல்ல மனிதர். ஆனால் ‘தனி ஆள், கூறுவது நம்பத்தக்கதல்ல’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். முதல் பாதியை நான் மறுக்கவில்லை.

6. இனி என் தங்கை விஷயம். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள். கணவர் தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கொழுந்தனார் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள். அந்த வீட்டுப் பையனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அறை அவனுக்கு வேண்டும். கொழுந்தனார் மரியாதை தெரிந்தவர். “அண்ணி, ஒங்களுக்குத்தான் அண்ணன் இருக்காரே” என்று மட்டும் சொன்னாராம். அதை அவள் வந்து என்னிடம் சொன்னபோது, “ஆமா, இருக்கேன்!” என்று நான் போட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. அவளுக்குக் கேட்டது என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், தறிச் சத்தத்தில் அவள் காது என்றோ போய்விட்டது. புதிதாக வருபவர்களின் காதை விமானத்திடமிருந்து காக்கத்தானே இந்த விதி? அவள் காதில் காக்க ஒன்றும் மிச்சமில்லை. காது மருத்துவரின் சான்று இணைத்திருக்கிறேன்.

7. முந்தைய மனுவில் எந்த ஆதாரமும் இணைக்கவில்லை. என் வார்த்தையே போதும் என்று இருந்துவிட்டேன். தங்கை நெய்த துணியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து விமானம் பிடித்து வந்தார்கள் என்று எழுதியதும் ஓர் அழகுக்காக. பதிலில், ‘மனுதாரர் குறிப்பிடும் தங்கை என்பவர் இருப்பதாக நம்ப இடமில்லை’ என்று வந்தது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு அன்று முழுவதும் சிரிப்பு வரவில்லை. இல்லாத பதினோரு பேரை நான் இருக்கிறார்கள் என்றதற்கு, இருக்கிற ஒருத்தியை இல்லை என்று சொல்லிவிட்டீர்களே ஐயா.

8. நெருங்கிய உறவினர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி தரும் அதிகாரம் தங்கள் கையிலேயே இருப்பதாகத் தங்கள் அலுவலக உதவியாளர் சொன்னார். அதைப் பயன்படுத்த வேண்டுகிறேன். மாடி அறையிலிருந்த பழைய ஒலிபெருக்கி ஹாரன்களை இறக்கி, வெள்ளையடித்து, கட்டில் போட்டாயிற்று. நாங்கள் இருவரும் பேசிக்கொண்டால் கிடங்குக் காவலாளிக்குக் கொஞ்சம் தொந்தரவு இருக்கலாம். அவரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் பொழுது போக வேண்டுமாம். விதி இடம் தராது என்றால், கெடு முடிந்து மூடிவிட்ட வீடு வாங்கும் திட்டத்தை எனக்காக ஒருமுறை திறந்துவிடுங்கள். அசையாது என்று சொன்ன செங்கல்லை நானே பெயர்த்துத் தருகிறேன். அவளும் நானும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். கூரை எங்கே என்பதில் பிடிவாதம் இல்லை.

9. உத்தரவு எதுவானாலும் தபாலில் அனுப்ப வேண்டாம். தயவுசெய்து ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். இல்லை என்பதாக இருந்தாலும் வந்து, உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டுச் சொல்லட்டும். அடுத்த மாதம் பிறப்பதற்குள் வந்தால் உபகாரம்.

இடம்: மேற்படி வீடு
நாள்: இம்மாதம் பதினொன்றாம் தேதி

தங்கள் பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
தலைவர் மற்றும் அண்ணன்

இணைப்பு: தங்கையின் அடையாள அட்டை நகல், பிறப்புச் சான்று நகல், காது மருத்துவர் சான்று, அவள் கைப்பட எழுதிய உறுதிமொழி.

உறுதிமொழி:
ஐயா, மனுவைப் படித்துப் பார்த்தேன். எங்கள் அண்ணன் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அவர் எழுதியதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். நான் இருப்பது நிஜம். அவர் அங்கே தனியாக இருப்பதும் நிஜம்.
(தங்கையின் கையொப்பம்)